தொடையிடுக்கு வலியும் நமது வெட்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிப் பதுளையிலே ஆற்றிய உரை)



இவ்விழாவிலே தேக நலம் பற்றி ஏதேனும் பேச வேண்டுமென்று சங்கச் செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். தொடையிடுக்கு வலியைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பின்பு, "தாய்மார்களும் வருவார்களே" என்றார். "அவர்களும் கேட்கவேண்டிய விஷயந்தான்" என்றோம். அச்சடித்த அழைப்பிதழைப் பார்த்திருப்பீர்கள். அதிலே "தேக நலம்" என்றுதான் போட்டிருக்கிறது. செயலாளரை நாம் குறை கூறவில்லை. அவருக்கு ஏற்பட்ட தயக்கம் நம் எல்லோருக்கும் உள்ளதே. அந்தத் தயக்கத்தினால் என்ன நேர்கிறது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

நாம் பட்டம் பெற்ற டாக்டர் அல்லோம். ஊவாத் தோட்டங்களின் டிஸ்பென்சரிகளிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மருந்து கொடுத்தும், கட்டுக் கட்டியும், எமது கைக்கு மீறியவர்களை லொறியிலும் வானிலும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் காலங் கழித்தோம். அக்காலத்திலே கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். பல்வலிக்காரன் வந்தால் பல்லைக் காட்டுவான். முழங்கால் வலிக்காரி முழங்காலைத் தொட்டுக் காட்டுவாள். ஆனால் தொடையும் வயிறும் கூடுகின்ற இடத்திலே நோவு கண்டவர் மட்டும் கையைத் தொப்புளின்மேல் வைத்துக்கொண்டு, "வயித்து வலிங்க ஐயா" என்பார். அவர் சொன்ன இடத்துக்கு நாமும் மருந்து கொடுப்போம். நோவு இருந்த இடத்திலே இருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே நாம் வேலை பார்த்தபோது நடந்தது இது. பையனுக்குப் பதினான்கு வயது. இரவு இரண்டு மணியளவிலே நோவு கண்டு விழித்திருக்கிறான். தாய் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். வாந்தி எடுத்தான். விடிந்ததும் தகப்பன் பெரட்டுக்குப் போய்விட்டான். பாட்டி வயிற்றில் எண்ணெய் தடவினாள். பத்து மணிக்கு எம்மிடம் அழைத்து வந்தார்கள். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டோம். "வயித்துல" என்றான். பக்கத்திலே தாயும் பாட்டியும் இரண்டு சித்திமாரும் நின்றார்கள். அவன் வேறு என்ன சொல்வான்? அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்க வேண்டியவர் நாம். கேட்கவில்லை. வாயுவுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்தோம். அவன் எழுந்து காலை அகட்டி அகட்டி வெளியே போவதைக் கண்ட பிறகுதான் எமக்குப் புத்தி வந்தது. பார்த்தபோது ஒரு பக்க விதை வீங்கிச் சிவந்து மேலேறி நின்றது. வான் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. சத்திர சிகிச்சை செய்தார்கள். அந்த விதையைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். மற்றதற்கும் அவ்வாறு நேராதபடி தையலிட்டு நிலைநிறுத்தினார்கள்.

அவன் இன்றைக்கு இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒரு விதை நலமாயிருந்தால் இல்லறத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் அதுவே போதும் என்பதை, இப்படிப்பட்ட பையன்களைப் பெற்றவர்கள் அறிந்துகொள்ளவேண்டும். ஆயினும் அன்று இழந்தது இழந்ததே. இழப்பிலே எமக்கும் ஒரு பங்குண்டு.

இதற்கு விதை முறுக்கு என்று பெயர். விதை ஒரு கொடியிலே தொங்குகிறது. இரத்தம் போவதும் வருவதும் அக்கொடி வழியே. சிலருக்குப் பிறவியிலேயே விதை சரியாகப் பற்றிக்கொள்ளாமல், மணியின் நாக்குப் போல ஆடிக்கொண்டிருக்கும். அது திரும்பி முறுக்கிக்கொண்டால் இரத்தம் நின்றுவிடும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடையே அதிகமாகக் காண்பது. விளையாடும்போதும் வரும், உறக்கத்திலும் வரும். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் பத்தில் ஒன்பது விதைகள் பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் பத்தில் ஒன்றுகூடப் பிழைப்பது அரிது. மடுல்சீமையிலோ பூனாகலையிலோ இருப்பவருக்கு ஆறு மணி நேரம் என்பது எவ்வளவு குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் வரவேண்டும், மழை விடவேண்டும், கையிலே காசும் இருக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பையன் வாய் திறக்கவேண்டும்.

ஆகையால் வாலிபர்களுக்கு நேராகவே சொல்லுகிறோம். திடீரென்று ஒரு பக்கத்து விதையிலோ தொடையிடுக்கிலோ அடிவயிற்றிலோ தாங்க முடியாத நோவு கண்டால், வாந்தியும் சேர்ந்து வந்தால், நடு இரவானாலும் தகப்பனை எழுப்பிச் சொல்லுங்கள். தகப்பனிடம் சொல்ல வெட்கமானால் அண்ணனிடம், மாமனிடம், அடுத்த லயத்துச் சினேகிதனிடம் சொல்லுங்கள். சத்திர சிகிச்சை வேண்டியிருக்கும். எனவே சோறும் கஞ்சியும் கொடாதீர்கள். எண்ணெய் தடவி உருவாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வரும். கிருமியினால் வரும் விதை வீக்கமும் உண்டு. அது மெல்ல மெல்ல, காய்ச்சலோடு, மூத்திர எரிச்சலோடு வருவது வழக்கம். ஆனால் இது அதுவோ, அது இதுவோ என்று லயத்துக் காம்பராவிலே இருந்து தீர்ப்புச் சொல்ல நம்மில் யாருக்கும் தகுதியில்லை. டாக்டருக்கே சில வேளை ஸ்கான் பார்க்கவேண்டியிருக்கிறது.

இனி, பெரியவர்களின் நோய்க்கு வருவோம். குடலிறக்கம் என்றும், ஓதம் என்றும், ஹேர்னியா என்றும் பல பெயரால் அழைப்பது. மலைத் தோட்டங்களிலே இதனை மறைத்து வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். சாரத்தின் உள்ளே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு, இருபது ஆண்டு வேலை செய்தவரை நாம் அறிவோம். அவருடைய மனைவிக்குக்கூடத் தெரியாது என்று எம்மிடம் சொன்னார். மனைவியைக் கேட்டோம், "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாதுங்க" என்றாள்.

ஆண்பிள்ளை தாயின் வயிற்றிலே இருக்கும்போது, விதைகள் முதலில் அவன் வயிற்றுக்குள்ளேதான் உண்டாகின்றன. பிறப்பதற்கு முன் இருபுறத்திலும் தொடையிடுக்கின் மேலாக ஒரு சுரங்கப் பாதை வழியே கீழிறங்குகின்றன. பிறகு அப்பாதை மூடிக்கொள்ளவேண்டும். சிலருக்கு முழுவதும் மூடுவதில்லை. சிலருக்கு வயதாக ஆக அவ்விடத்துச் சுவர் நைந்துபோகிறது. அந்தப் பலவீனத்தின் வழியே குடலோ கொழுப்போ வெளியே தள்ளுவதுதான் குடலிறக்கம். நூறு ஆண்களை எடுத்தால் வாழ்நாளில் இருபத்தேழு பேருக்கும், நூறு பெண்களில் மூன்று பேருக்கும் இது வருகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாலில் ஒருவருக்கு வரும் நோயிலே வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது எமக்கு இதுவரை விளங்கவில்லை.

பாரம் தூக்கியதனாலேதான் வந்ததென்று பலர் சொல்வர். அது முழு உண்மையன்று. பலவீனம் முன்பே இருக்கும், பாரம் அதனை வெளிப்படுத்தும். ஐம்பது கிலோ பசளை மூட்டையைத் தோளிலே சுமந்து சரிவில் ஏறுகிறவனுக்கு வயிற்றுக்குள் அழுத்தம் எவ்வளவு உயரும் என்று எண்ணிப் பாருங்கள். பாரத்துக்கு நிகரானவை இன்னும் மூன்றுண்டு: நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், வயதான ஆண்கள் மூத்திரம் போக முக்குவது. புகைவண்டி போலச் சுருட்டுப் புகைப்பவரும், விறகடுப்புப் புகையிலே நாற்பது வருஷம் இருமிய ஆச்சியும் மூட்டை தூக்காமலே இந்நோயைத் தேடிக்கொள்ளலாம். நின்றால், இருமினால் வீக்கம் வெளியே வரும். படுத்தால் உள்ளே போகும். மாலையிலே இழுப்பது போலக் கனக்கும். இதுவே சாதாரண நிலை.

ஆபத்தான நிலை வேறு. ஒருநாள் அந்த வீக்கம் உள்ளே போகாமல் நின்றுவிடும்; கல்லுப் போல இறுகும்; தொட்டால் நோகும்; வாந்தி வரும்; மலமும் காற்றும் போகாது. உள்ளே அகப்பட்ட குடலுக்கு இரத்தம் நின்றுவிட்டது என்பதே பொருள். இந்நிலையிலே பலவந்தமாக அழுத்தி உள்ளே தள்ள முயல்வதும், உப்பு ஒத்தடம் கொடுப்பதும், விளக்கெண்ணெய் குடிக்க வைப்பதும் கொலைக்குச் சமானம். குடல் அழுகத் தொடங்கிய பிறகு வந்தால் குடலையே வெட்டி இணைக்கவேண்டிவரும், உயிரும் போகலாம். வியாழக்கிழமை கிளினிக் வரைக்கும் பொறுத்திருக்கத்தக்க காரியமன்று. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ, தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கோ, எது கிட்டவோ அதற்கு உடனே போய்விடவேண்டும்.

சத்திர சிகிச்சைக்கு அஞ்சுகிறவர்களுக்காக ஒரு கதை சொல்லுகிறோம், கதையென்றாலும் நடந்தது. இத்தாலி தேசத்திலே எடுவார்டோ பாசினி என்றொரு வாலிபர். வைத்தியம் படித்து முடித்தவர், தேச விடுதலைக்காகக் கரிபால்டியின் தொண்டர் படையிலே சேர்ந்தார். 1867-ஆம் ஆண்டு உரோமாபுரிக்கு அருகே நடந்த சண்டையிலே துப்பாக்கிமுனை ஈட்டி அவருடைய தொடையிடுக்கிலே பாய்ந்தது. குடல் புண்பட்டு மாதக்கணக்காய்ப் படுக்கையிலே கிடந்து பிழைத்தார். அவரே பின்னாளில் பாதுவா நகரிலே சத்திர வைத்தியராகி, தாம் காயப்பட்ட அதே இடத்தின் அமைப்பை நுணுகி ஆராய்ந்து, 1884 முதல் குடலிறக்கத்தை மூன்று அடுக்காகத் தைத்து மூடும் முறையைக் கையாண்டார். அதற்கு முன்பு செய்த சிகிச்சைகளிலே நோய் திரும்பத் திரும்ப வந்தது. பாசினியின் முறையே சுமார் நூறாண்டு உலகை ஆண்டது. 1980-களிலே அமெரிக்காவில் லிக்டென்ஸ்டைன் என்பவர், சதையை இழுத்துத் தைப்பதற்குப் பதிலாக மெல்லிய நூல் வலையொன்றை வைத்து அவ்விடத்தைப் பலப்படுத்தும் வழியைப் பரப்பினார். கிழிந்த சாக்கின் வாயை இழுத்துத் தைத்தால் மறுபடி கிழியும். ஒட்டுப் போட்டுத் தைத்தால் நிற்கும். கொழுந்துச் சாக்குத் தைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நமது நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைகளிலே இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பெரும்பாலும் முதுகிலே ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தே செய்கிறார்கள். அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடக்கலாம், நடப்பது நல்லது. சிறு வேலைகளை ஒன்றிரண்டு வாரத்திலே தொடங்கலாம். மூட்டை தூக்குவதும் முள்ளுக் குத்துவதும் நாலு முதல் ஆறு வாரம் வரை வேண்டாமென்று சத்திர வைத்தியர்கள் சொல்வது வழக்கம். இங்கேதான் நம்மவர் இடறுகிறார்கள். செக்ரோலிலே பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகையால் தையல் பிரித்த மறுநாளே மலைக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரியிலே துண்டு எழுதி வாங்குங்கள். அதிலே "பாரம் தூக்கலாகாது" என்பதையும், எத்தனை வாரம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அத்துண்டைக் கணக்கப்பிள்ளையிடம் காட்டி இலேசான வேலை கேட்பது யாசகமன்று.

எல்லோருக்கும் உடனே வெட்டவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. 2006-இல் அமெரிக்காவிலே, நோவு அதிகமில்லாத குடலிறக்கமுள்ள 720 ஆண்களிலே ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை செய்தும், மறு பகுதியினரைக் கண்காணித்தும் பார்த்த முடிவு வெளிவந்தது. கண்காணிப்பில் இருந்தவர்களுக்குக் குடல் அகப்பட்டது மிகமிக அரிது. ஆயிரம் பேரை ஓராண்டு பார்த்தால் இரண்டு பேருக்கும் குறைவே. ஆனால் பத்தாண்டுக்குள் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர், பெரும்பாலும் நோவு தாளாமல், தாமாகவே சிகிச்சைக்கு வந்துவிட்டனர். ஆகவே காத்திருப்பது குற்றமில்லை. டாக்டருக்குக் காட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஒளித்துக் காத்திருப்பது வேறு. அந்த நிலைமையும் ஆண்களுக்கே. பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் காத்திருத்தல் ஆகாது. கைக்குழந்தையின் தொடையிடுக்கு அழும்போது புடைத்தால் அந்த வாரமே காட்டுங்கள்.

தாய்மார்களே, பெண்களுக்கு வரும் குடலிறக்கத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். அது சில வேளை தொடையிடுக்கின் மடிப்புக்கும் கீழே, சுண்டைக்காய் அளவிலே சிறிதாக வரும். சிறிதென்று அசட்டை செய்யாதீர்கள். அந்த வாசல் மிக ஒடுக்கமானது, குடல் இறுகுவது அங்கேதான் அதிகம். அதுபோலவே மாதக்குளிப்புத் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்றிலும் இடுக்கிலும் கடுநோவும் மயக்கமும் வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கி வெடித்திருக்கலாம். அதுவும் நாழிகைக் கணக்கு. மாறாக, நிறைமாதத்துக் கர்ப்பிணிக்குச் சரிவிலே ஏறும்போதும் புரண்டு படுக்கும்போதும் இடுக்கிலே சுண்டி இழுப்பது பெரும்பாலும் பிரசவத்துக்காக இடுப்பெலும்புகளின் பிணைப்புத் தளர்வதனால். அதற்கு ஓய்வும், சரிவில்லாத இடத்து வேலையும், பக்கவாட்டிலே படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைப்பதும் உதவும். குடும்ப நல உத்தியோகத்தர் லயத்துக்கு வரும்போது சொல்லி வையுங்கள்.

இன்னுமொன்று. கொழுந்தெடுக்கும் பெண்கள் பகல் முழுதும் தண்ணீர் குடிப்பதில்லை. மலையிலே ஒதுங்க இடமில்லை என்பதே காரணம். மூத்திரத்தில் கிருமி சேர்வதற்கும் கல் உண்டாவதற்கும் இது வழி. விலாவிலே தொடங்கி இடுக்குவரை ஓடுகிற நோவு, இருக்கவிடாமல் நிற்கவிடாமல் புரட்டுகிற நோவு, கல்லினுடையது. அதற்கு மருந்தும் ஸ்கானும் ஆஸ்பத்திரியிலே உண்டு. மலையிலே மறைவிடம் கட்டிக் கொடுப்பது ஆஸ்பத்திரியின் வேலையன்று. அதைக் கேட்கவேண்டிய இடம் எதுவென்று தோட்டத் தலைவர்மார் அறிவர்.

நெறி கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலிலே அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கியவன், கவ்வாத்து வெட்டிய குச்சி குத்தியவன், இரண்டு நாளிலே இடுக்கிலே நெல்லிக்காய் போலக் கட்டியென்று வருவான். புண் காலில், காவல் இடுக்கில். காலைக் கழுவி மருந்திட்டால் நெறியும் அடங்கும். நம் பாட்டன்மார் இடுக்கிலே கட்டி கண்டால் ஊரைவிட்டே ஓடினார்கள். 1914-இல் கொழும்பிலே கொள்ளைநோயாகிய பிளேக் புகுந்த காலம் அது. இந்நோயின் அடையாளமே அரையாப்புக் கட்டி. அக்காலத்திலே இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்பே கப்பலேறினர். யானைக்கால் நோயும் கரையோர மாவட்டங்களிலே இருந்தது. 2016-இல் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஆயினும் நோவில்லாமலே மாதக்கணக்கில் வளரும் கட்டியையும், காய்ச்சலும் மெலிவும் சேர்ந்த கட்டியையும் அலட்சியம் செய்யலாகாது. முதுகெலும்பிலே காசநோய் கண்டால் அதன் சீழ் தசை வழியே இறங்கி இடுக்கிலே புடைப்பதுண்டு. வெளியிலே இடுக்கு வீக்கம், வேர் முதுகிலே.

இடத்துக்கும் வேருக்கும் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் மற்றொன்று இடுப்பு மூட்டு. இடுப்பு நோகிறதென்று நம்மவர் கையை வைப்பது பின்புறத்திலே. உண்மையிலே தொடையெலும்பின் பந்து பொருந்தியிருக்கும் மூட்டுத் தேய்ந்தால் நோவு முன்புறம், தொடையிடுக்கிலே தெரியும்; சில வேளை முழங்காலிலே மட்டும் தெரியும். ஈரமான லயத்து வாசலிலே வழுக்கி விழுந்த ஆச்சி, "இடுக்குல புடிச்சிருக்கு" என்று படுத்துவிட்டால், காலைத் தூக்கமுடிகிறதா, பாதம் வெளிப்புறம் திரும்பியிருக்கிறதா, கால் குட்டையாயிருக்கிறதா என்று பாருங்கள். எலும்பு முறிந்திருக்கும். தைலம் தேய்த்துப் பத்து நாள் கிடத்திவைத்த ஆச்சிமார் எழுந்து நடந்தது அபூர்வம். சிறு பிள்ளை நொண்டிக்கொண்டு முழங்கால் நோகிறதென்றாலும் இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாலிபர்கள் இவ்வளவு நேரமும் பொறுமையாயிருந்தது வின்சன்ட் டயஸ் மைதானத்தைப் பற்றி எப்பொழுது சொல்வோம் என்பதற்காக. சொல்லுகிறோம். உதைபந்தாட்டத்திலே ஓடிக்கொண்டே திசை திரும்புகிறவனுக்கும், காலை எட்டிப் பந்தை உதைக்கிறவனுக்கும் தொடையின் உட்புறத் தசை கிழிவதுண்டு. சுருக்கென்று பிடிக்கும், மறுநாள் கால்களைச் சேர்த்து நெருக்கினால் நோகும். முதல் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை நிறுத்தி, துணியிலே சுற்றிய ஐசை கால் மணி நேரம் ஒத்தடமாக வைக்கலாம். அன்றைக்கே எண்ணெய் காய்ச்சி உருவுவது தவறு. கிழிந்த தசை மேலும் இரத்தம் கசியும்.

அதன் பின்பு நம் இளைஞர் செய்யும் பிழை இரண்டு. ஒன்று, நோவு குறைந்ததும் அடுத்த ஞாயிறே விளையாடுவது. மற்றது, பயந்து மாதக்கணக்கில் படுத்திருப்பது. டென்மார்க்கிலே ஹோல்மிச் என்ற டாக்டர் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, நாட்பட்ட இடுக்கு நோவுள்ள 68 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. மற்றதற்கு உருவுதல், மின்னொத்தடம் முதலியவை. முடிவிலே பயிற்சி செய்தவரிலே 23 பேர் நோவின்றிப் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினர். மற்றவரிலே 4 பேர் மட்டுமே. அப்பயிற்சிக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அவற்றுக்கிடையே பந்தை வைத்து முப்பது விநாடி நெருக்குவது, பத்துத் தடவை. பின்பு காலை நீட்டிப் பாதங்களுக்கிடையே பந்தை வைத்து அவ்வாறே. வாரத்துக்கு மூன்று நாள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம். இலேசான நோவு இருக்கலாம், மறுநாள் கூடக்கூடாது. நோவு வராமலே காக்கவும் வழியுண்டு: ஒருவர் பக்கவாட்டிலே படுத்து, மேற்காலைச் சினேகிதன் தாங்கிக்கொள்ள, இடுப்பை உயர்த்திக் கீழ்க்காலை மேலே சேர்ப்பது. 2019-இல் நோர்வே நாட்டு உதைபந்தாட்டக் குழுக்களிலே இவ்வொரு பயிற்சியினாலேயே இடுக்கு நோவு நூற்றுக்கு 41 பங்கு குறைந்ததாகக் கண்டனர். இருவர் சேர்ந்தால்தான் இதைச் செய்யமுடியும். சங்கத்து இளைஞர் மாலையிலே கூடும்போது பத்து நிமிஷம் ஒதுக்கலாம். சிரிப்பவர் முதல் வாரம் சிரிப்பார்.

கடைசியாகப் பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியிலே சிங்களம் தெரியாமல் தடுமாறி, "படே அமாருய்" என்று தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதற்கும் வயிற்று நோவு என்றே அர்த்தம். மறுபடியும் பழைய பொய்தான். நோவுள்ள இடத்திலே விரலை வைத்து, "மெதன ரிதெனவா" என்று சொன்னாற் போதும். இங்கே நோகிறது என்று பொருள். நோவு தொடங்கிய மணியை ஒரு துண்டிலே எழுதிக் கையிலே வைத்திருங்கள். இலக்கத்துக்குப் பாஷை கிடையாது.

(கூட்டம் கலைந்த பின்பு ஒரு பெரியவர், பழைய கங்காணி, எம்மைத் தனியே அழைத்தார். "தம்பி, நீங்க சொன்ன அந்த வலை வைக்கிறது, எழுபத்திரண்டு வயசுக்காரனுக்கும் வைப்பாங்களா?" என்றார். வைப்பார்கள் என்றோம். "யாருக்கு ஐயா?" என்று கேட்டதற்கு, "நம்ம தோட்டத்துல ஒருத்தருக்கு" என்றார். அந்த ஒருவரை அடுத்த கிளினிக்குக்கு நாமே கூட்டிப்போவதாகச் சொன்னோம். காலை ஆறு மணிக்கு ஹாலிஎல சந்தியிலே பஸ்ஸுக்காக நின்றபோது, அவர் வேட்டி கட்டிக் கையிலே குடையோடு தனியாகத்தான் வந்தார்.)